இயக்குநரைக் கடித்த கைப்பிடி

கதவுக் கைப்பிடி ஒன்று இயக்குநரைக் கடித்துவிட்டது. கல்வித் தலைமை அலுவலகத்தில் அந்த ஆண்டு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. பொதுத்தேர்வு முடிவுகள்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் பேசப்பட்டன.

நடந்தது இவ்வளவுதான். இயக்குநரின் அறைக்குப் புதிதாக ஒரு கம்பளம் வந்தது. நைலான் இழை, அடர் சிவப்பு, கால் வைத்தால் புதையும். ஏசி நாள் முழுக்க ஓடியதால் அறைக் காற்றில் மருந்துக்குக்கூட ஈரம் இல்லை. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தார், ரப்பர் அடி வைத்த புது ஷூவைக் கம்பளத்தில் தேய்த்துத் தேய்த்து நடந்தார், கதவின் பித்தளைக் கைப்பிடியில் கை வைத்தார். சுரீர் என்றது. அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் ஐயோ என்று கத்திக்கொண்டு பின்னால் குதித்தார்.

முதல் நாள் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். மறுநாளும் கடித்தது. அதற்கும் மறுநாள் தம் நேர்முக உதவியாளரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டச் சொன்னார். உதவியாளர் கம்பளத்தில் ஏறாமல், வெளியிலிருந்து வந்த காலோடு அப்படியே திறந்து காட்டினார். அவரைக் கடிக்கவில்லை. இயக்குநரை அதிகம் புண்படுத்தியது இதுதான்.

அன்றே கதவு பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. அதைக் கழற்றிக் கிடங்கில் வைத்து, விசாரணை முடியுமுன் எங்கும் போய்விடக் கூடாது என்று பூட்டும் போட்டார்கள். அந்த இடத்தில் வந்த புதுக் கதவும் கடித்தது. இரண்டு கதவுகளும் கூட்டு என்று உதவியாளர் சந்தேகப்பட்டார். மின்வாரியத்து ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். சுவருக்குள் கம்பி இல்லை, கம்பி இல்லாததால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் கடியும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"கடியே இல்லேன்னா கத்தினது யாரு?" என்று இயக்குநர் கேட்டார்.

இந்த அமளி நடந்துகொண்டிருந்தபோது, அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு நேற்றல்ல, கோடை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் மேட்டுப் பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆசிரியை. அந்தப் பள்ளி ஒரு மொட்டை மேட்டின் உச்சியில் தனியாக நிற்பது. அதன் கூரையில் இருந்த இடிதாங்கி துருப்பிடித்து ஒரு காற்றில் விழுந்துவிட்டது. பக்கத்தில் கட்டடத்தைவிட உயரமாக ஒரு மரம் இருந்தது. போன மழைக்காலத்தில் இடி அதன்மேல் இறங்கி, மரத்தை நடுவாகப் பிளந்து கரியாக்கிவிட்டுப் போனது. வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். ஜன்னலோரப் பிள்ளைகளுக்குப் பல நாள் காதே கேட்கவில்லை. இனி வரும் இடிக்கு மரம் இல்லை. பள்ளிக்கூடம்தான் பாக்கி.

ஆகவே புது இடிதாங்கி வேண்டும். அவளுடைய கோரிக்கை அவ்வளவுதான், அலுவலகமும் அதை மறுக்கவில்லை. இடிதாங்கி கல்விச் செலவா, வானிலைச் செலவா என்பதில்தான் சின்னக் குழப்பம். வானிலைத் துறையைக் கேட்டதற்கு, இடி விழுந்த பிறகுதான் அது தங்கள் கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

அறைக் கதவு திறந்தது. உதவியாளர் வெளியே தலையை நீட்டி, ஓடுகிற பஸ்ஸில் டாக்டரைத் தேடுகிறவர்போலக் கேட்டார்.

"இங்க இயற்பியல் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

டீச்சர் எழுந்தாள். "நான் இயற்பியல் டீச்சர்தான் சார். இடிதாங்கி விஷயமா..."

"அதெல்லாம் அப்புறம். ஐயாவைக் கைப்பிடி கடிக்குது. உள்ள வாங்க."

உள்ளே இயக்குநர் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கதை முழுவதையும் கேட்டதும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட சொல்லிவிடுகிற விஷயம்.

"கைப்பிடில ஒண்ணும் இல்ல சார். மின்னூட்டம் உங்க மேலதான் இருக்கு."

"என் மேலயா?"

"ரெண்டு பொருள் உரசிக்கும்போது ஒண்ணுல இருக்குற எலக்ட்ரான் இன்னொண்ணுக்குப் போயிடும். உங்க ஷூவும் கம்பளமும் உரசுது. ரப்பர் அடி இருக்கறதால அது தரைக்கு இறங்க முடியாம உங்க உடம்புலயே தங்கிடுது. உலோகத்தைத் தொட்டதும் ஒரே தாவு தாவுது. அதுதான் சுரீர்."

நம்பவைப்பதற்காக மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் தலைமுடியில் பரபரவென்று தேய்த்தாள். காகிதத் துணுக்கு வேண்டும் என்றாள். அந்த அறையில் இருக்கும் காகிதம் அத்தனையும் அரசுக் காகிதம், கிழிக்க முடியாது என்றார் உதவியாளர். கடைசியில் யாரோ அனுப்பியிருந்த அழைப்பிதழின் உறையைக் கிழித்தார்கள். ஸ்கேலைக் கிட்டே கொண்டுபோனதும் துணுக்குகள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன.

இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இன்னொரு தடவை பண்ணுங்க," என்றார். பண்ணினாள். "நான் பண்ணட்டுமா?" என்றார். அவருக்குத் தலைமுடி போதவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க டீச்சருக்குப் பிடித்திருந்தது. அப்புறம் அவருக்குப் பதவி ஞாபகம் வந்துவிட்டது.

"அப்ப, நான் உரசறேன்னு சொல்றீங்க."

"ஷூ உரசுது சார்."

"ஷூக்குள்ள நான்தானேம்மா இருக்கேன்? இந்தத் துறையில சேர்ந்த நாள்லேர்ந்து நான் யார்கூடவும் உரசினது கிடையாது. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. மேல இருக்கறவங்க சொன்னதை மாத்திப் பேசினது இல்ல, கீழ இருக்கறவங்க சொன்னதைக் காதுல வாங்கினது இல்ல. அப்படி உரசாம வந்ததாலதான் இந்த நாற்காலி."

"சத்தியமான வார்த்தை ஐயா," என்றார் உதவியாளர்.

டீச்சர் விஷயத்துக்கு வந்தாள். "கம்பளத்தை எடுத்துட்டாப் போதும் சார். இல்லேன்னா ஒரு சாவியைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அதால முதல்ல கைப்பிடியைத் தொடுங்க. வலிக்காது. ஏசியை நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்தாலும் ஈரக் காத்து வந்து தானா சரியாயிடும்."

"இதுக்கு என்ன செலவாகும்?" என்று உதவியாளர் கேட்டார்.

"செலவே இல்ல சார்."

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். செலவே இல்லாத ஒரு தீர்வைக் கொண்டுவந்து அந்த அலுவலகத்தில் யாரும் இதுவரை உருப்பட்டது இல்லை. மறுநாள் நிலைமின் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. டீச்சர் அதில் வல்லுநர் உறுப்பினர். கேட்டால் பேசலாம், கேட்காவிட்டால் டீ குடிக்கலாம்.

குழுத் தலைவர் பணி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாளும் ஓய்ந்திருக்க விடாமல் குழு மாற்றிக் குழுவாக அவரைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வரவழைத்து, நிலைமின்னியல் பாடத்தைப் பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓர் ஆணை போடுவது என்பது அவர் எடுத்த முடிவு. அறிவியல்பூர்வமாகச் செய்வோம் என்றார்.

உராய்வால் மின்னூட்டம் உண்டாகிறது என்பது முதல் பத்தி. ஆகவே அலுவலகத்தில் யாரும் காலைத் தேய்த்து நடக்கக் கூடாது என்று ஆணை வந்தது. எழுத்தர்கள் சேற்றில் நடக்கும் கொக்கு மாதிரி முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் தேய்க்க அனுமதி உண்டு.

இரண்டாவது பத்தியில் சிக்கல் வந்தது. மின்னூட்டம் இரண்டு வகை, நேர் மின்னூட்டம், எதிர் மின்னூட்டம் என்று புத்தகம் சொன்னது. இயக்குநர் எந்த வகை?

"ஷூவையும் கம்பளத்தையும் பொறுத்தது சார்," என்றாள் டீச்சர். "எதிராவும் இருக்கலாம்."

"பார்த்துப் பேசுங்க," என்றார் உதவியாளர் அடிக்குரலில்.

இயக்குநர் நேர் மின்னூட்டம் கொண்டவர் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் புத்தகத்தில் அடுத்த வரியைப் படித்தார். ஒரு பொருள் எலக்ட்ரான்களை இழக்கும்போது நேர் மின்னூட்டம் பெறுகிறது என்று போட்டிருந்தது.

"இழக்கறதா? அரசு அலுவலகத்துல, அலுவலக நேரத்துல, அரசுக் கம்பளத்து மேல நடந்து இழந்தது யாரோட எலக்ட்ரான்? அரசோடது," என்றார் தலைவர். "எடுத்தது யாரு?"

"கம்பளம்தான் சார்," என்றாள் டீச்சர். வாயைத் திறந்திருக்கக் கூடாது.

கம்பளத்திடமிருந்து எலக்ட்ரான்களை மீட்க ஒரு துணைக்குழு போடப்பட்டது. அவர்கள் தினமும் மாலையில் கம்பளத்தைச் சுருட்டி, மொட்டை மாடியில் தொங்கவிட்டு, தடியால் அடித்தார்கள். தூசிதான் வந்தது. அதைப் பைகளில் கட்டி, சீல் வைத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்ற பத்தியைப் படித்தபோது தலைவர் கண் கலங்கிவிட்டார். "இந்த ஆபீஸ்ல ஒரு செக்ஷனுக்கும் இன்னொரு செக்ஷனுக்கும் ஏன் ஒத்துப்போகலன்னு இப்பத்தான் புரியுது. நாம கெட்டவங்க இல்ல. நாம எல்லாரும் ஒரே கம்பளத்துல நடந்தவங்க. ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் தள்ளிவிட்டது இயற்கை விதி. யார் மேலயும் தப்பு இல்ல." கைதட்டல் எழுந்தது. டீச்சரின் இடிதாங்கிக் கோப்பும் அப்படித் தள்ளப்பட்ட கோப்புதான். அதுவும் இயற்கை விதியின் கீழ் வந்துவிட்டது.

தரையோடு இணைத்தால் மின்னூட்டம் நீங்கும் என்பதற்கு எர்த் சங்கிலி. இயக்குநரின் இடது கணுக்காலிலிருந்து தரைக்கு ஒரு சங்கிலி போகும், அவர் நடக்கும்போது கூடவே வரும். உலோகச் சங்கிலி சத்தம் போட்டு, தரையையும் கீறுகிறது என்று புகார் வந்ததால் பிளாஸ்டிக் சங்கிலி வாங்கினார்கள்.

"பிளாஸ்டிக் வழியா மின்னூட்டம் போகாது சார்."

"தெரியும்மா. ஆனா சத்தம் வரல, பாருங்க," என்றார் உதவியாளர்.

சங்கிலி கட்டிய இயக்குநரைக் கைப்பிடி இன்னும் பலமாகக் கடித்தது. சங்கிலிக்கு முன்பு ஷூ மட்டும்தான் உரசியது, இப்போது சங்கிலியும் உரசியது, அது தடுக்கிவிடாமல் இருக்க அவர் காலை இன்னும் தேய்த்து நடந்தார்.

ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் டீச்சர் எழுந்து நிற்பாள். "சார், மழைக்காலம் வருது. எங்க இடிதாங்கி..."

"முதல்ல ஐயாவோட கடி நிக்கட்டும்மா. ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது," என்பார் தலைவர்.

கோடை விடுமுறை முடிந்து திறந்த பள்ளிக்கூடத்தில் அவள் அதே பாடத்தைச் சீப்பும் காகிதத் துணுக்கும் வைத்து நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு பெண் எழுந்து நின்றாள். எதைச் சொன்னாலும் 'ஆனா டீச்சர்' என்று ஆரம்பிக்கிற பிள்ளை. அதனால் வகுப்பே அவளை 'ஆனா' என்றுதான் கூப்பிட்டது. ஜன்னலோரத்து பெஞ்ச். போன வருஷம் காது கேட்காமல் போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

"ஆனா டீச்சர், காகிதத்துல மின்னூட்டமே இல்லேன்னு சொன்னீங்க. அப்புறம் சீப்பு எப்படி அதை இழுக்குது?"

"சீப்பு கிட்ட வரும்போது காகிதத்துக்குள்ள இருக்குற மின்னூட்டம் கொஞ்சம் இடம் மாறும். சீப்புக்கு எதிரானது இந்தப் பக்கம் வந்துடும், ஒத்தது அந்தப் பக்கம் தள்ளிப்போயிடும். கிட்ட இருக்குறதைத்தான் சீப்பு பலமா இழுக்குது. மேகமும் இப்படித்தான். மேகம் மேல வந்து நின்னா அதுக்குக் கீழ இருக்குற தரையில எதிர் வகை வந்து சேர்ந்துடும். உயரமா இருக்குறதுல நிறைய சேரும்."

ஆனா ஜன்னல் வழியாகக் கரிந்த அடிமரத்தைப் பார்த்தாள். "அப்ப இப்ப நாமதான் காகிதமா டீச்சர்?"

தலைமை ஆசிரியர் இடிக்கு எதிராக ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மின்னல் வெட்டினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், இதற்கு வாரம் ஒரு நாள் ஒத்திகை.

அடுத்த கூட்டத்தன்று காலையிலிருந்தே வானம் கறுத்து இருந்தது. குழு, கூர்முனைகள் பற்றிய பத்தியில் இருந்தது. அலுவலகத்துப் பென்சில்களைச் சீவலாமா, மழுக்கி வைப்பதா என்று இரண்டு மணி நேரமாக விவாதம். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பள்ளி மேட்டின் பக்கம் ஒரு மின்னல் இறங்கியது. டீச்சர் வினாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள், இடிச் சத்தம் தாமதமாகத்தான் வந்தது. மேட்டுக்கு இன்னும் அப்பால். இந்நேரம் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"வல்லுநர் என்ன சொல்றீங்க? பென்சிலைப் பத்தி?" என்றார் தலைவர்.

டீச்சர் எழுந்தாள். எதைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே கடைசி வரை தெரியாது.

"நான் இவ்வளவு நாளா தப்பாச் சொல்லிட்டேன் சார். கம்பளம் காரணம் இல்ல."

இயக்குநர் நிமிர்ந்தார்.

"மேகம்தான் சார் காரணம். மேகத்து மின்சாரம் எப்பவும் உயரமான இடத்தைத் தேடும். எங்க மேட்டுலதான் அது இறங்கணும். அங்க இடிதாங்கி இல்ல, இறங்க வழி இல்ல. அதனால அடுத்த உயரத்தைத் தேடிக்கிட்டு இங்க வருது."

"இது மாடிகூட இல்லையேம்மா, தரைத்தளம்தானே?" என்றார் உதவியாளர்.

"கட்டட உயரம் இல்ல சார்." டீச்சர் இயக்குநரின் நாற்காலியைக் காட்டினாள். "பதவி உயரம்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். உதவியாளர் தம்மைக் கைப்பிடி ஏன் கடிக்கவில்லை என்பது இப்போது விளங்கிவிட்டதாகச் சொல்லி, அதற்காக வருத்தமும் தெரிவித்தார். இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போய், கறுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துக்கிட்டே இருந்தது," என்றார். "கம்பளம், ஷூன்னு இவங்க சொன்னப்ப மனசு ஒப்பல. அற்ப விஷயம் எதுவும் என்னைத் தேடி வந்தது இல்லையே. வானமே வந்திருக்குன்னா சரி. ஆனா அதுக்கும் ஒரு முறை இருக்குல்ல? நேரா என்கிட்ட வரலாமா? கீழ இருக்குற ஆபீஸ் வழியாத்தானே வரணும்?"

அன்று சாயங்காலமே மேட்டுப் பள்ளிக்கு இடிதாங்கி வைக்க ஆணை வந்தது. மறுநாளே ஆட்கள் வந்தார்கள். கூரை உச்சியில் கூர்முனை வைத்த தாமிரக் கம்பி, சுவரோரமாகக் கீழே இறங்கும் தாமிரப் பட்டை, ஆழக் குழி வெட்டி உள்ளே தகடு, சுற்றிலும் கரியும் உப்பும். நல்ல வேலை. டீச்சர் கூடவே நின்று பட்டையின் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்த்தாள். ஆணையின் அடியில் மட்டும் ஒரு வரி இருந்தது. இயக்குநரின் கடிக்கு மேகமே காரணம் என்ற கண்டுபிடிப்பு செல்லும் காலம்வரைதான் இந்த இடிதாங்கி; அது தவறென்று தெரியவந்தால் அன்றே கழற்றிக் கிடங்கில் சேர்க்கப்படும்.

திறப்பு விழாவுக்கு இயக்குநரே வந்தார். மேடுபள்ளமான பாதை, வழியெல்லாம் காரின் பட்டுப்போன்ற செயற்கை இழை இருக்கையில் அசைந்து அசைந்து உட்கார்ந்து வந்தவர், மேட்டின்மேல் வண்டி நின்றதும் வழுக்கிக்கொண்டு இறங்கி, கதவை மூடக் கை வைத்தார்.

சுரீர்.

வாத்தியம் வாசித்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். தலைக்கு நேர் மேலே புத்தம்புது இடிதாங்கி மினுமினுத்துக்கொண்டிருந்தது. கழற்றுகிற ஆட்களும் அதே ஊர்வலத்தில்தான் வந்திருந்தார்கள்.

"ஆனா டீச்சர்," என்றது ஒரு குரல் பக்கத்தில். "சீட்டுல உரசினதால..."

டீச்சர் அவள் வாயைப் பொத்தினாள். அதுவரை எந்தக் கேள்விக்கும் டீச்சர் பொத்தாத வாய் அது. தான் என்ன செய்கிறோம் என்பது அந்தச் சின்ன உதடுகள் உள்ளங்கையில் அசைந்தபோது அவளுக்குச் சுட்டது. பொத்திய கையை எடுக்காமலே இயக்குநரைப் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே உங்ககிட்ட வர முடியாதுல்ல சார். அதான் கடைசியா ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போகுது."

இயக்குநர் வலித்த கையை இன்னொரு கையோடு சேர்த்து, வானத்தைப் பார்த்துப் பதில் வணக்கம் சொன்னார். வாத்தியம் மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு கைப்பிடி கடிக்கவே இல்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. குளிருக்குப் பயந்து ஏசியை நிறுத்தினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், கம்பளம் ஊறிப்போய் நாற்றமடித்தது. அந்த ஈரத்தில் எந்த மின்னூட்டம் தங்கும்? குழு தன் வெற்றியை அறிவித்தது. கிடங்கில் இருந்த பழைய கதவு குற்றமற்றது என்று விடுவிக்கப்பட்டு, சம்பளப் பாக்கி கிடையாது என்ற நிபந்தனையோடு பழைய இடத்தில் மாட்டப்பட்டது.

மேட்டிலும் மழை கொட்டியது. ஒரு மத்தியானம், பாடத்தின் நடுவில், உலகமே வெள்ளையாகி உடைந்ததுபோல ஒரு வெளிச்சமும் சத்தமும். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். எல்லோரும் பதில் சொன்னார்கள், எல்லோருக்கும் கேட்டது. சுவரில் ஒரு விரிசல் இல்லை. இடி கம்பி வழியாக வந்து, பட்டை வழியாக இறங்கி, மண்ணுக்குள் போய்விட்டது. டீச்சர் கரும்பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள்.

புதுப் பாடப் புத்தகமும் அந்தப் பருவத்தில்தான் வந்தது. நிலைமின்னியல் பாடத்தில் சீப்பும் காகிதமும் போய்விட்டன. அந்த இடத்தில் 'பதவி உயரமும் மேக மின்னூட்டமும்' என்று புதிதாக ஒரு பகுதி. பக்கம் நிறைய இயக்குநர் வானத்துக்கு வணக்கம் சொல்லும் படம். கீழே பொடி எழுத்தில், 'கருத்து உதவி: மேட்டுப் பள்ளி இயற்பியல் ஆசிரியை' என்று போட்டிருந்தது. அதை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பாடப் புத்தகத்தை எங்காவது ஒளித்துவைக்க வேண்டும்போல இருந்தது. நாடு முழுக்க எத்தனை வகுப்புகளில் ஒளித்துவைப்பது?

அவள் இரண்டையும் நடத்தினாள். முதலில் சீப்பை வைத்து நிஜத்தை. அப்புறம் புத்தகத்தில் இருப்பதை. "பரீட்சைக்கு இது," என்று மட்டும் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. ஆனா ஒரு கேள்வியும் கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. கதவுக் கைப்பிடியைத் தொடும்போது அதிர்ச்சி ஏற்படக் காரணம் யாது? விடைக்குறிப்பில், தொடுபவரின் பதவி உயரம் என்று இருந்தது. கண்டுபிடிப்பு பிறந்த இடம் என்பதால் மேட்டுப் பள்ளியின் விடைத்தாள்களைக் குழு மறுபடி சரிபார்க்கும் என்றும், வேறு விடைக்கு மதிப்பெண் போட்டால் அதைக் கண்டுபிடிப்புக்கு எதிரான வல்லுநர் கருத்தாக எடுத்துக்கொள்ளும் என்றும் தனியாக ஒரு குறிப்பு வந்திருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் சமர்த்தாகப் பதவி உயரம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும், ஷூவும் கம்பளமும் உரசும்போது எலக்ட்ரான் இடம்பெயர்வதால் என்று தொடங்கி, ரப்பர், காற்றின் ஈரம், பித்தளை என்று ஒன்றையும் விடாமல் எழுதி, படமும் போட்டு, அம்புக்குறி வைத்திருந்தது. டீச்சர் தன் வாழ்நாளில் திருத்திய எந்தத் தாளிலும் இவ்வளவு ஒழுங்கான விடையைப் பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள், வைத்தாள். முழு மதிப்பெண் போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. ஜன்னலுக்கு வெளியே தாமிரப் பட்டை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பூஜ்யம் போட்டாள். போட்டுவிட்டு, தன் மேலேயே அருவருப்பாக இருந்து, எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, எல்லோரும் போன பிறகும் ஆனா போகவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ எழுதினதுதான் சரி," என்றாள் டீச்சர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும் டீச்சர்."

"பூஜ்யம் கிடைக்கும்னும் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். மார்க் போட்டா அதைக் கழட்டிடுவாங்க." அவள் மேலே கூரையைக் காட்டினாள். "எனக்கு மார்க் வேணாம். படிச்சதை ஒரு தடவையாவது எழுதிப் பார்க்கணும்னு இருந்தது, அவ்வளவுதான். ஆனா டீச்சர்..."

"சொல்லு."

"என் தம்பி அடுத்த வருஷம் இங்க வர்றான். அவன் எதை எழுதணும்?"

டீச்சர் அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"முதல்ல அவன் இங்க வந்து உயிரோட உட்காரட்டும்," என்றாள். "எதை எழுதறதுன்னு அப்புறம் சண்டை போடலாம்."

ஆனா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். டீச்சர் மேஜையைப் பூட்டிவிட்டு, மறுபடியும் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள், இந்த முறை ஆணையின் அடியில் இருந்த அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி வராந்தா பெஞ்சில் உட்கார.